ஓட்டை போடுவதற்கு முன்

முந்நூற்று நாற்பது டாலர்.
பள்ளிப் பேருந்து ஓட்டி மிச்சம் பிடித்தது.
அதற்குள் அடங்க வேண்டும் ஒரு மது ஆலை.

பெரிய பானை வாங்கு என்றார்கள் எல்லோரும்.
இருபது லிட்டர் பீருக்கு நாற்பது லிட்டர் பானையா?
ஆமாம், பொங்கும்.
பால் பொங்கிப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை:
ஒரு கணம் திரும்பினால் போதும்,
அடுப்பும் போச்சு, அரை நாளும் போச்சு.

எவர்சில்வர். மூடிப்போன உணவகத்தின் ஏலத்தில்
அறுபத்தைந்துக்குக் கிடைத்தது.
விலாவில் ஒரு நசுங்கல். பேரத்துக்கு அது உதவியது.

தானியம் உடைக்கும் உருளை நூற்று எண்பது.
கடையிலேயே உடைத்துத் தருகிறார்கள், கிலோவுக்கு இருபது காசு.
உருளை அடுத்த வருஷம். அல்லது அதற்கும் அடுத்தது.
உடைய வேண்டும், மாவாகக் கூடாது.
உமி முழுசாக இருந்தால் அதுவே சல்லடை;
மாவானால் களி,
களியிலிருந்து சாறு இறங்காது.

ஊறவைக்க ஐஸ்பெட்டி.
அதற்குக் குளிரும் ஒன்று, சூடும் ஒன்று;
உள்ளதை உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான்.
போன கோடையில் இதில் ஏரி மீன் படுத்திருந்தது.
சோடா உப்பு, வினிகர், மறுபடி சோடா உப்பு.
மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தேன்.
மீன் போய்விட்டது. அல்லது எனக்குப் பழகிவிட்டது.

அறுபத்தேழு டிகிரி, ஒரு மணி நேரம்.
வெறும் வெந்நீர் ஊற்றி மூடிப் பார்த்தேன்.
ஒன்றரை டிகிரி இறங்கியது,
ஒரு வெப்பமானி சொன்னபடி.
இன்னொன்று மூன்று என்றது.
மூன்றாவது வாங்கவில்லை.
பஞ்சாயத்துக்கு ஆள் சேர்க்க எனக்கு வசதியில்லை.

எஞ்சியது குழாய்.
கொதிக்கக் கொதிக்கத் தூக்கிச் சாய்க்கும் முதுகு
என்னிடம் இல்லை.
பானையின் அடியோரம் ஓர் ஓட்டை,
ஓட்டையில் பித்தளைத் திருகு.
எவர்சில்வரில் ஓட்டை போடத் தெரிந்தவள்
இந்தத் தெருவில் ஒருத்திதான்:
வெர்னா ஹ்நாட்யுக், பக்கத்து வீடு, குழாய் வேலைக்காரி,
இரண்டு குளிர்காலமாக என்னோடு பேச்சில்லை.

என் பனித்தள்ளி அவள் வாசலில் கொட்டியது.
தெரியாமல் ஒருமுறை.
தெரிந்து ஒருமுறை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.
மட்டு என்றால் அளவு; மட்டு என்றால் கள்ளும்தான்.
பானையைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துப் போனேன்,
மைனஸ் இருபத்தெட்டில், முப்பதே அடி.

அவள் என்னைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தாள்.
விரலை மடக்கித் தட்டினாள், காதைக் கொடுத்தாள்.
"தகடு தேறும்."
பிறகு: "எப்படி ஆறவைப்பாய்?"

செம்புச் சுருள், பதினைந்து மீட்டர், என்றேன் பெருமையாக.
"சுருளுக்குள் ஓடத் தண்ணீர்?"
தோட்டத்துக் குழாய் என்று வாயெடுத்து நிறுத்தினேன்.
சஸ்கட்டூனில் அது மே மாதம்தான் கண் விழிக்கும்.
அப்போ பனியில் புதைத்தால்?
"பனி போர்வை. உள்ளே தூங்குகிற கரடியைக் கேள்."
துணி துவைக்கும் அறைக் குழாய்க்கு
ஒரு மரை இணைப்பு போதுமாம்,
இழுப்பறையில் இருக்கிறதாம், எந்த இழுப்பறை என்றுதான் தெரியவில்லையாம்.

எல்லா இழுப்பறையும் திறந்தாள்.

"ஓட்டை போட்டால் போட்டதுதான்," என்றாள் துளைப்பானைக் கையில் எடுத்து.
"இதில் அப்புறம் சூப் வைக்க முடியாது."
நான் தலையாட்டினேன்.
மெதுவாக, எண்ணெய் விட்டு விட்டு,
அவசரப்பட்டால் உலோகம் இறுகிக்கொள்ளும் என்றாள்.
பனித்தள்ளியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

தண்ணீர் நிரப்பினோம்.
வாஷர் ஓரத்தில் ஒரு துளி கோத்து, தொங்கி, விழுந்தது.
நிமிடத்துக்கு நான்கு.
சாவியைப் போட்டுக் கால் சுற்று திருகினாள்.
நிமிடத்துக்கு ஒன்று.
இரண்டு பேரும் குனிந்து அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தோம்.

"என்றைக்குக் காய்ச்சுகிறாய்?"
சனிக்கிழமை.
"சனிக்கிழமை எனக்கு வேலை."
கந்தலில் கை துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.
"ஞாயிறு வை."